மூட்டத்தில் மிஞ்சும் கரித்தூளும் புளித்துப்போகும் எரிவாயுத் தொட்டிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓட்டல்கள், தங்கும் விடுதிகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றில் சேரும் உணவுக் கழிவை அந்தந்த இடத்திலேயே எரிவாயுவாக்க வேண்டும் என்ற பேச்சு இராமேசுவரம், கீழக்கரை, இராமநாதபுரம் பகுதிகளில் அவ்வப்போது எழுகிறது. தொட்டிகளும் ஆங்காங்கே அமைக்கப்படுகின்றன. அமைத்த தொட்டி ஓராண்டு கழித்தும் எரிகிறதா என்று திரும்பிப் பார்ப்பவர்தாம் குறைவு. அணைந்துபோகும் தொட்டிகளைப் பற்றியும், அவற்றை அணையவிடாமல் காக்கக்கூடியதாக நம் மாவட்டத்திலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கரித்தூளைப் பற்றியும் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எரிவாயுப் பொறியாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகன் பாம்பனுக்குப் போகும் சாலையில் சிறிய மெஸ் ஒன்றை நடத்தி வருகிறார். அதன் பின்கட்டில் 3,000 லிட்டர் கொள்ளளவுள்ள மிதவை மூடித் தொட்டி, அதாவது வாயு சேரச் சேர மூடி மேலே எழும்பும் எரிவாயுத் தொட்டி ஒன்று உள்ளது. நாளொன்றுக்கு 20 கிலோ அளவுக்கு மிச்சச் சோறும், காய்கறித் தோலும், மீன் செதிலும் குடலும் அரைக்கப்பட்டு, அதே அளவு தண்ணீருடன் அதற்குள் போகும். நன்றாக நடக்கும் தொட்டியில் 1 கிலோ உணவுக் கழிவுக்கு ஏறக்குறைய 100 லிட்டர் எரிவாயு எதிர்பார்க்கலாம். 1 கன மீட்டர் எரிவாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சமையல் எரிவாயுவுக்கு ஈடு என்ற கணக்கின்படி, மூன்று வாரத்துக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சமாக வேண்டும். முதல் ஆறு மாதம் ஆகவும் செய்தது.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. அந்த நாட்களில் அக்னி தீர்த்தக் கரையில் கூடும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு, சாலையோர மெஸ்ஸில் இலை எத்தனை விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 20 கிலோ போட்ட தொட்டியில் இரண்டு நாளும் 80 கிலோ வீதம் போட்டார்கள். மூடி வழக்கத்தைவிட உயரமாக எழும்பியதைக் கண்டு என் மருமகனுக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்றாம் நாள் அடுப்பைப் பற்ற வைத்தால் நீலச் சுடர் வெளிறி, பர்னரை விட்டு எழும்பி, அணைந்துவிட்டது. மூடி நிறைய வாயு இருந்தும் அது எரியவில்லை, ஏனெனில் அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. கரைசலை ஒரு குவளையில் எடுத்துப் பார்த்தேன். சாண நாற்றம் இல்லை. மூன்று நாள் வெளியே கிடந்த இட்லி மாவின் நெடி. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளை நனைத்ததும் அது ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது, அதாவது கரைசல் அமிலமாகிவிட்டது. தொட்டியை விற்ற நிறுவனத்தாரைத் தொலைபேசியில் கேட்டால் சாணம் போடுங்கள் என்றார்கள், போட்டோம், தேறவில்லை. கடைசியில் முக்கால் தொட்டியை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுச் சாணத்துடன் தொடங்கினோம். மறுபடி அடுப்பு எரிய இரண்டு மாதம் ஆயிற்று.

இது எங்கள் மெஸ்ஸுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. உணவுக் கழிவின் இயல்பே அது. காற்றுப் புகாத தொட்டிக்குள் நடப்பது பல கூட்டங்கள் அடுத்தடுத்துச் செய்யும் வேலை. மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் வருகின்றன. கரைந்தவற்றை அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களாக்குபவை அடுத்தவை. அந்த அமிலங்களை மேலும் உடைத்து அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் தருபவை மூன்றாமவை. கடைசியாக அவற்றை எடுத்து மீத்தேனாக்கும் ஆதி நுண்ணுயிர்களே நமக்கு அடுப்பு எரியத் தருபவை. முன்வரிசையினர் மணிக்கணக்கில் பெருகுகிறார்கள். அசிட்டிக் அமிலத்தை மீத்தேனாக்கும் கடைசி வரிசையினர் இரட்டிப்பாக நாட்கணக்கில் ஆகும். சோறு எளிதில் கரைவது. ஒரே நாளில் அளவுக்கு மீறிப் போட்டால் அமிலம் உண்டாகும் வேகத்துக்கு அதைத் தின்பவர்களால் ஈடுகொடுக்க முடியாது. பி.எச். மதிப்பு 7-ஐ ஒட்டி இருக்கும்வரை மீத்தேன் தருபவை வேலை செய்கின்றன, 6.5-க்குக் கீழே இறங்க இறங்க அவை சோர்ந்துவிடுகின்றன. அவை சோர்ந்தால் அமிலம் இன்னும் தேங்குகிறது. நம் கடற்கரை வெயிலில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே வெயில்தான் தொட்டியைச் சூடாக்கும் செலவை நமக்கு மிச்சப்படுத்துகிறது; அதே வெயில்தான் அதைப் புளிக்கவும் வைக்கிறது.

சாணத் தொட்டி இப்படிப் புளித்ததாக அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். மாட்டின் வயிற்றில் ஒருமுறை செரித்து வெளியே வந்த பொருள் அது. மெதுவாகவே கரையும், அமிலத்தைத் தாங்கும் காரமும் அதிலேயே இருக்கும். காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மிதவை மூடித் தொட்டியும், 1984-இல் வந்த தீனபந்து என்னும் நிலையான மூடி கொண்ட மாதிரியும் சாணத்தை மனத்தில் வைத்து உருவானவை. அந்த வடிவத்தை அப்படியே எடுத்து எச்சில் இலைக்கும் மிச்சச் சோற்றுக்கும் மாட்டிவிட்டு, பராமரிப்புச் சரியில்லை என்று மெஸ்காரரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

இனிக் கரிக்கு வருகிறேன். மரத்தையோ பயிர்க் கழிவையோ காற்று அதிகம் படாமல் சுட்டு எடுக்கும் கரியை எரிக்காமல் மண்ணிலோ இத்தகைய தொட்டியிலோ இடும்போது அதை உயிர்க்கரி என்கிறார்கள். பயோசார் என்ற பெயரே இப்போது அதிகம் புழங்குகிறது. உணவுக் கழிவுத் தொட்டியில் இதைச் சேர்த்தால் வாயு வரத் தொடங்கும் தாமதம் குறைகிறது, திடீர்ச் சுமையைத் தொட்டி தாங்குகிறது என்று பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன. காரணம் ஒன்றல்ல. கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல், அதாவது கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் உப்புகள், அமிலத்தைச் சற்றுத் தணிக்கின்றன. தேன்கூடு போன்ற அதன் துளைகளில் மெதுவாகப் பெருகும் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு, கரைசலோடு அடித்துச் செல்லப்படாமல் குடியிருக்கின்றன. மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. புரோப்பியோனிக் அமிலத்தை உடைக்கும் கூட்டம் தன் வேலையில் மிஞ்சும் எலக்ட்ரான்களை ஹைட்ரஜனாக்கி வெளியே விடுகிறது. அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் யாராவது எடுத்துக்கொள்ளாவிட்டால் வேலை அப்படியே நின்றுபோகும். 2010-இல் இரண்டு வகை ஜியோபாக்டர் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனின் துணையின்றியே எலக்ட்ரானை நேரடியாகக் கைமாற்றிக்கொள்வது ஆய்வகத்தில் காட்டப்பட்டது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்குள், கரித்துகளும் அத்தகைய கைமாற்றத்துக்குப் பாலமாக அமையும் என்று கண்டார்கள். கிடைக்கும் பயனில் எவ்வளவு இந்தப் பாலத்தால், எவ்வளவு வெறும் காரத்தாலும் குடியிருப்பாலும் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அடுப்பு எரிந்தால் போதும் என்னும் மெஸ்காரருக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே தழை பரப்பி, மண் பூசி, நாள் கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரி லாரி லாரியாக வெளியூருக்குப் போகிறது. கட்டிக் கரிக்குத்தான் விலை. உடைந்து நொறுங்கிச் சல்லடையில் இறங்கும் தூளுக்குக் கேட்பாரில்லை. மூட்டம் பிரித்த இடத்தில் கறுப்பாகப் படர்ந்து மழையில் கரைந்து போவதைக் கண்டிருக்கிறேன். நான் கேட்பது அந்தத் தூளைத்தான். இதற்காகப் புதிதாக ஒரு மரமும் வெட்டப்பட வேண்டாம். மூட்டப் புகையால் சுற்று வட்டாரம் படும் பாடு தனிக் கதை. அதைச் சரிசெய்ய மூடிய உலைகள் வர வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஒரு மூட்டை தூளைக் கொண்டுவந்து மெஸ்ஸின் பின்கட்டில் இறக்கியபோது, அங்கே சமைக்கும் அம்மா, "தொட்டிக்கும் காத்துக் கருப்பு அண்டாமலா?" என்று கேட்டார். இருட்டிய பின் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குவாளியில் ஒரு கரித்துண்டையும் போட்டு அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன்; அதைவிட எளிதாக விளக்க எனக்கும் அப்போது வாய்க்கவில்லை.

தூளை அப்படியே கொட்டலாகாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மூட்டத்தடியில் வாரிய தூளில் பாதி மண். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கினால் மண் அடியில் தங்கி, கரி மேலே மிதக்கும். அந்த மிதப்பை மட்டும் அரித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டில் தொட்டியின் அடி மணல்மேடாகிவிடும். அரித்ததை உலர்ந்தபடி இட்டால் தொட்டியிலும் மிதந்து ஆடை கட்டிவிடுகிறது. ஒரு நாள் முழுதும் பழைய கரைசலிலேயே ஊற வைத்தால் துளைகளில் நீர் ஏறி, அமிழ்ந்து கலக்கிறது. சரியாக வேகாமல் பழுப்பாகவே நின்றுவிட்ட துண்டுகளைப் பொறுக்கி எறிய வேண்டும், ஏனெனில் அவற்றில் தங்கியிருக்கும் தாரும் பீனால் வகைகளும் நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களுக்கே நஞ்சு. சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது கட்டாயம். அளவைப் பொறுத்தவரை, ஆய்வுகளில் பெரும்பாலும் லிட்டருக்குச் சில கிராம் முதல் இருபது கிராம் வரை இட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டே போனால் பயன் கூடுவதில்லை, சில வேளை குறையவும் செய்கிறது. நாங்கள் லிட்டருக்கு 10 கிராம் என்று வைத்துக்கொண்டோம். 3,000 லிட்டர் தொட்டிக்கு முதலில் 30 கிலோ. அன்றாடம் 40 லிட்டர் கரைசல் வெளியேறும்போது அதோடு போகும் கரிக்கு ஈடாக நாள்தோறும் 400 கிராம்.

அடுத்து வந்த தை அமாவாசைக்குத் தொட்டி புளிக்கவில்லை. இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த முறை நாங்கள் 80 கிலோவையும் ஒரே நாளில் போடவில்லை, 35 கிலோவுக்கு மேல் வந்ததைத் தோப்புக் குழியில் இட்டோம். எனவே தொட்டியைக் காத்தது கரியா, எங்களுக்கு வந்த புத்தியா என்று வகுப்பறையில் ஒரு மாணவன் எழுந்து கேட்டால் என்னால் விடை சொல்ல முடியாது. ஆகவே இரண்டு 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களில் அதே கரைசலையும் அதே அளவு சோற்றையும் போட்டு, ஒன்றில் மட்டும் கரி சேர்த்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு வைத்துப் பார்த்தேன். கரியில்லாத கேன் முதலில் மும்முரமாகக் குமிழிவிட்டு, ஒரு வாரத்துக்குள் புளித்து ஓய்ந்தது. கரியுள்ளது மெதுவாகத் தொடங்கி, பல நாள் தொடர்ந்து குமிழியிட்டது. அதன் வாயுவில் தீக்குச்சி காட்டினால் பற்றியது. இரண்டு கேன்களை வைத்து உலகுக்கு எதையும் நிறுவ முடியாது. முறையாகச் சோதிக்கலாம் என்ற துணிவை மட்டும் அது எனக்குத் தந்தது.

கரி எல்லாத் தொட்டிக்கும் மருந்து என்று யாரேனும் விற்க வந்தால் நம்பக் கூடாது. குறிப்பாக நம் கரையில் மீன் கழிவு மிகுந்த தொட்டிகளைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். சங்காய மீன், அதாவது சமையலுக்கு விலைபோகாத கழிவு மீன், மீன்தூள் ஆலைகளுக்குப் போய்விடுகிறது. ஆனால் சமையற்கட்டிலும் சந்தையிலும் சேரும் செவுள், குடல், இறால் தலை ஆகியவை நம் தொட்டிகளுக்கே வருகின்றன. புரதம் சிதைந்தால் அம்மோனியா. விசைப்படகுகள் கரைக்கு வரும் நாட்களில் அது பெருகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வெகுவாகக் குறையும். லிட்டருக்கு 1.5 முதல் 3 கிராம் வரையிலான அம்மோனியாச் சத்து, கரைசல் காரமாக இருந்தால் மீத்தேன் தருபவற்றை முடக்கத் தொடங்கும் என்பது பழைய பாடநூல் கணக்கு. கரி ஓரளவு அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பிடிப்பு பெரிதன்று. அதோடு, கரியின் காரம் பி.எச். மதிப்பை உயர்த்தினால், தீங்கற்ற அம்மோனிய அயனி நச்சான தனி அம்மோனியாவாக மாறும் பங்கு கூடிவிடும். நம் ஊர் வெப்பம் அதை இன்னும் கூட்டும். சோற்றால் புளித்த தொட்டிக்குக் கை கொடுக்கும் அதே கரி, மீனால் கனத்த தொட்டிக்குக் கேடாகவும் முடியலாம். எங்கள் மெஸ்ஸில் மீன் கழிவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. மிகுந்த நாளில் கிழித்த இலையையும் காய்கறித் தோலையும் கூட்டிக்கொள்கிறோம்.

உப்பு இன்னொன்று. கருவாடு கழுவிய நீரும், ஊறுகாய் மிச்சமும், உவர் கிணற்று நீரும் சேர்ந்து தொட்டியில் சோடியத்தை ஏற்றுகின்றன. லிட்டருக்கு 3.5 கிராம் சோடியத்தைத் தாண்டினால் வாயு குறையத் தொடங்கும். 8 கிராமை எட்டினால் தொட்டி கடுமையாகப் பாதிக்கப்படும். இதற்குக் கரி உதவாது. சோடியத்தை அது பிடித்துவைப்பதில்லை. உவர் நீரில் உள்ள சல்ஃபேட் ஹைட்ரஜன் சல்ஃபைடாகி, அழுகிய முட்டை நாற்றத்தோடு பர்னரையும் அரித்துவிடுகிறது. ஆகவே கலக்குவதற்கு நல்ல தண்ணீர் இல்லாத இடங்களில், சோறு வடித்த கஞ்சியையும் காய்கறி கழுவிய நீரையும் சேமித்துப் பயன்படுத்துவதே வழி.

வெளியேறும் கரைசலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணற்பாங்கான தென்னந்தோப்புகளில் எரு இட்டாலும் மழைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கரியோடு கூடிய கரைசல் அங்கே தழைச்சத்தைச் சற்றேனும் நிறுத்தி வைக்கும். ஆனால் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் விளையும் நிலங்களில், ஏற்கெனவே உவரும் காரமுமாக இருக்கும் இடத்தில், உப்பேறிய காரக் கரைசலை அளக்காமல் ஊற்றுவது விளையாட்டன்று. இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கும்போது, இதை ஊகத்துக்கு விட வேண்டிய தேவை இல்லை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்களைப் பெருமளவு உற்பத்தியாளர் என வகுத்து, மட்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்தச் சொல்லின. விதி வந்தது, அது எப்படி நிறைவேறியது என்பதே கேள்வி. மணலில் கொட்டப்படும் குப்பையின் சாறு சில அடி ஆழத்தில் இருக்கும் நல்ல நீரைத்தான் முதலில் சென்றடைகிறது; ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பும் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் நகராட்சிகளுக்கும் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த தொட்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஒரே அளவிலான இரண்டு தொட்டிகளை ஒரே சமையற்கட்டின் கழிவில் ஓராண்டு நடத்திப் பார்க்க வேண்டும். ஒன்றில் சலித்து அரித்த கரித்தூள் இருக்கட்டும், மற்றொன்றில் வேண்டாம். ஆடி, தை அமாவாசைகளும், மீன்பிடித் தடைக்காலமும், ஐப்பசி கார்த்திகை மழையும் அந்த ஓராண்டுக்குள் அடங்க வேண்டும். அன்றாடம் போட்ட எடை, மீட்டரில் காட்டிய வாயு, பி.எச். மதிப்பு ஆகியவற்றையும், வாரம் ஒருமுறை மீத்தேன் பங்கையும் அம்மோனியாவையும், எல்லாவற்றுக்கும் மேலாக அடுப்பு எரியாத நாட்களின் எண்ணிக்கையையும் குறித்துவைக்க வேண்டும். அளவிடும் பொறுப்பைத் தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழக வளாகம் போன்ற ஒரு கல்வி நிலையத்திடம் தரலாம். தொட்டியை விற்பவரிடமே தரக் கூடாது. கரித்தூளை மூட்டம் போடுபவர்களிடமிருந்து ஒரு விலை வைத்து வாங்க வேண்டும், இலவசமாக அள்ளிவரக் கூடாது என்பதும் என் கருத்து. கறுத்த கையோடு சலிக்கும் வேலை அவர்களுடையது.

எங்கள் தொட்டியின் குறிப்பேட்டை யார் கேட்டாலும் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம். அதில் ஆடி அமாவாசைக்குப் பிந்தைய இரண்டு மாதப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அப்போது எழுதுவதற்கு எரிவாயு இல்லை, எழுதும் மனநிலையும் என் மருமகனுக்கு இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.